பலூன் தொலைநோக்கி: ஏவுமுன் என்னென்ன சோதிக்க வேண்டும்? கேள்வி பதில்

கல்லூரி மாணவர், நாயுடுபுரம், கொடைக்கானல்: தொலைநோக்கியைப் பெரிய பலூனில் தொங்கவிட்டு வானில் ஏற்றினால், மேலே மைனஸ் 80 டிகிரி வரை குளிருமாமே ஐயா? கருவியை ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தால் போதுமா?

போதாது தம்பி. அந்தக் குளிர் ஏறும் வழியில், சுமார் 17 கி.மீ. உயரத்தில் வருவது. பலூன் மிதக்கும் 35 கி.மீ. உயரத்தில் காற்றழுத்தம் 6 மில்லிபாருக்குப் பக்கம்தான். அங்கே ஃபேன் சுழன்றும் பயனில்லை. 20 வாட் கம்ப்யூட்டர் தன் சூட்டிலேயே வெந்துபோகும். குளிரையும் குறைந்த அழுத்தத்தையும் வேக்குவம் சேம்பரில் (காற்றை உறிஞ்சி எடுக்கும் சோதனைப் பெட்டி) ஒன்றாகக் கொடுங்கள். வெப்பநிலை ஏறுவது நிற்கும்வரை மணிக்கணக்கில் ஓடவிடுங்கள். சென்சாரைப் பெட்டிச் சுவரில் ஒட்டாமல் பிராசசர் மேலேயே ஒட்டுங்கள். சூட்டைத் தடித்த அலுமினியப் பட்டை வழியாகச் சட்டத்துக்குக் கடத்தி, வெளிப்புறத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். சாதாரண ஹார்டு டிஸ்க் வேண்டாம். அதன் ஹெட் காற்றுப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது.

ஆய்வு மாணவி, முத்தோரை, ஊட்டி: டிடெக்டருக்கு (கதிர்களை உணரும் கருவி) 1200 வோல்ட் கொடுக்கிறோம். தரையில் சரியாக ஓடுகிறது. சேம்பரில் அழுத்தம் 10 மில்லிபாருக்குக் கீழே போனதும் மின் சப்ளை தானாகவே நின்றுவிடுகிறது. ஏன்?

கொரோனா டிஸ்சார்ஜ், அதாவது உயர் வோல்ட் முனையிலிருந்து காற்று வழியாக மின்சாரம் கசிவது. நல்லவேளை, சேம்பரிலேயே தெரிந்துவிட்டது. தரைக் காற்றிலும் இது வராது, முழு வெற்றிடத்திலும் வராது. நடுவில் உள்ள இந்த அழுத்தம்தான் ஆபத்து. 5 மில்லிபாரில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் 330 வோல்ட்டுக்கே காற்று மின்சாரத்தைக் கடத்திவிடும். அறை விளக்கை அணைத்துவிட்டுச் சேம்பர் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஊதா நிறத்தில் எங்கே மினுங்குகிறதோ அங்கே கோளாறு. பெரும்பாலும் கூராக நிற்கும் சால்டர் முனையாகத்தான் இருக்கும். அதை உருண்டையாக்கி, சால்டர் செய்யும்போது படியும் ஃப்ளக்ஸ் பசையைத் துடைத்து, சிலிகான் ஊற்றி மூடுங்கள். ஊற்றுமுன் சிலிகானை வேக்குவத்தில் வைத்துக் குமிழிகளை எடுத்தே ஆகவேண்டும். உள்ளே மாட்டிய குமிழியிலிருந்து காற்று மெல்லக் கசிந்து, சில மணி நேரம் கழித்துப் பொறி கிளம்பும். அரைமணிச் சோதனையில் அது பிடிபடாது.

பொறியாளர், குன்னூர்: தொலைநோக்கியை ஷெட்டில் 3 மீட்டர் கயிற்றில் தொங்கவிட்டோம், அது பார்க்கும் குறி அசையாமல் நிற்கிறது. இதை நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். 3 மீட்டர் கயிற்றில் ஊசல் நேரம் மூன்றரை விநாடி. பறக்கும்போது பலூனுக்கும் கருவிக்கும் இடையே 50 மீட்டர் கயிற்றுத் தொடர் என்றால் 14 விநாடி. குறியை நிலையாக வைக்கும் கன்ட்ரோல் லூப்பை அந்த 14 விநாடி ஆட்டத்தைக் கொடுத்தும் சோதியுங்கள். ஜனவரியில் உறைபனி விழும் தெளிந்த இரவு உங்கள் பக்கம் கிடைக்கும், விடாதீர்கள். வெளியே தொங்கவிட்டுத் துருவ நட்சத்திரத்தைப் பிடியுங்கள். ஸ்டார் கேமரா (நட்சத்திரங்களைப் படமெடுத்துத் திசை சொல்வது) காட்டும் உயரக் கோணம் 11 டிகிரியை ஒட்டி, அதிகம் போனால் ஒரு டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஃபோகஸையும் பாருங்கள்: 1 மீட்டர் அலுமினியக் குழாய் 60 டிகிரி குளிர்ந்தால் 1.4 மி.மீ. சுருங்கும். ஃபோகஸ் மோட்டார் இல்லையென்றால் கார்பன் ஃபைபர் குழாய்க்கு மாறுங்கள்.

பூம்பாறை வாசகர்: மூடுபனியில் தொலைநோக்கியின் பிரதிபலிக்கும் கண்ணாடி வியர்க்கிறது. துடைக்கலாமா?

துடைக்கவே கூடாது, அலுமினியப் பூச்சில் கீறல் விழும். மூடி போட்டு, உள்ளே உலர்ந்த நைட்ரஜனை மெல்ல ஓடவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடியைச் சூடான அறைக்குள் உடனே கொண்டுவராதீர்கள்.

அதே மாணவி, முத்தோரை: ஏவுதளத்தில் கடைசிச் சோதனை என்ன?

கிரேனில் தொங்கவிட்டு, தரை மின்சாரத்தைப் பிடுங்கி, பேட்டரியில் மட்டும் ஓட்டுவது. எல்லா டிரான்ஸ்மிட்டரும் ஒரே நேரத்தில் இயங்கட்டும். ஒவ்வொரு கட்டளையையும் அனுப்புங்கள். பலூனிலிருந்து கருவியைத் துண்டிக்கும் கட்டளைக்கு, கயிற்றை அறுக்கும் வெடிமருந்துக்குப் பதில் சின்ன பல்பு மாட்டி, அது எரிகிறதா என்று பாருங்கள். வேறு கட்டளை கொடுக்கும்போது அந்தப் பல்பு ஒருமுறை மினுங்கினாலும் ஏவலை நிறுத்திவிட்டு வயரிங்கைப் பிரித்துப் பாருங்கள்.