வெளிச்சம் பதனிடும் தோல் – கடிதம்

ஐயா,

காட்பாடியில் ரயில் பாதையை ஒட்டிய வீடு எங்களுடையது. சிறிய சிவப்பு லேசரால் நான்கு முறை ஹாலோகிராம் (முப்பரிமாணமாகத் தெரியும் லேசர் படம்) எடுத்தேன். நான்கு தட்டிலும் ஒன்றும் பதியவில்லை. கணநேரம் மட்டும் மின்னும் துடிப்பு லேசர் இருந்தால்தான் முடியுமா? ஒளி பட்டால் பதியும் வெள்ளி உப்புத் தட்டு விலை அதிகம். ஜெலட்டினில் அம்மோனியம் டைகுரோமேட் என்ற குரோமிய உப்பைக் கலந்து சமையலறையிலேயே தட்டுப் பூசலாம் என்றிருக்கிறேன். மறைந்த தலைவர்களே மேடையில் ஹாலோகிராமாக வரும் காலத்தில் இது வீண்வேலை என்கிறான் நண்பன்.

ஒரு மாணவன், காட்பாடி

அன்புள்ள தம்பி,

நண்பனை விடுங்கள். மேடையில் வருவது ஹாலோகிராமே அல்ல, சாய்த்துக் கட்டிய படலத்தில் தெரியும் பிரதிபலிப்பு. பழைய நாடகக் கொட்டகை வித்தை.

தட்டில் பதிவது இரண்டு ஒளிக்கற்றைகள் பின்னும் நுண்வரிகள். பதியும்போது அரை அலைநீளம் அசைந்தாலும் அவை அழிந்துவிடும். உங்கள் லேசருக்கோ சில விநாடிகள் வேண்டும். அதற்குள் ரயில் அதிர்வு தட்டை அசைத்துவிடும். துடிப்பு லேசர்களில் ஒன்றான ரூபி லேசரின் துடிப்பு ஏறத்தாழ 25 நானோவிநாடி (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு). விநாடிக்கு ஒரு மீட்டர் நடப்பவர்கூட அதற்குள் 25 நானோமீட்டர்தான் நகர்வார். ரூபி லேசரின் அலைநீளமோ 694 நானோமீட்டர். அதனால்தான் 1967இல் மனித உருவத்தையே பதிய முடிந்தது. ஆனால் அது நீங்கள் வாங்கும் சாமான் அல்ல. ரயில் சத்தம் கேட்காத உறவினர் வீட்டுக்கு மூட்டை கட்டுங்கள்.

என்னை உலுக்கியது டைகுரோமேட் என்ற சொல். என் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தார். ஆரஞ்சு நிற டைகுரோமேட் கரைசலில் அமிலமும் வெல்லப்பாகும் சேர்த்துப் பச்சை நிறமாக்குவார்கள். டைகுரோமேட்டில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறன் குரோமியமாக மாறும். அது தோலின் கொலாஜன் என்ற புரத இழைகளைக் கட்டி இறுக்கும். ஜெலட்டின் எது? தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த அதே கொலாஜன்தானே! டேனரியில் வெல்லப்பாகு செய்த வேலையை உங்கள் தட்டில் வெளிச்சம் செய்கிறது. ஒளி பட்ட வரி பதப்பட்ட தோல், படாத வரி பச்சைத்தோல். நீங்கள் செய்யப்போவது பதனிடும் தொழில், தம்பி. வேலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லையா?

அப்பாவின் விரல்களில் குழிகுழியாகப் புண் இருக்கும். சோற்றில் கைவைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். உங்கள் கடிதத்தில் கையுறை பற்றி ஒரு சொல் இல்லை. அதுவும் சமையலறையில்! அந்த டைகுரோமேட் பொடி புற்றுநோயைத் தரக்கூடியது. அம்மா புழங்கும் இடம் அது என்ற நினைப்பாவது வேண்டாமா? கழுவிய நீரை எங்கே ஊற்றுவீர்கள்? பாலாற்றுக்கு நாம் கொடுத்தது போதும்.

சொல்ல மறந்தேன். சாயம் சேர்க்காத டைகுரோமேட் ஜெலட்டின் நீலத்துக்கும் பச்சைக்கும்தான் மசியும். உங்கள் சிவப்பு லேசரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வெள்ளி உப்புத் தட்டையே வாங்குங்கள். பணம் குறைந்தால் எழுதுங்கள்.