தேக்கு ஏன் கருகுகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் மரவேலைக் குறிப்புகளைப் படித்துத்தான் மாடியில் சின்னதாக ஒரு பட்டறை போட்டேன். போன மாதம் 10 அங்குல டேபிள் சா (மேசை நடுவே வட்டப் பிளேடு சுழலும் ரம்பம்) ஒன்று பழையதாகக் கிடைத்தது. தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுத்தால் ஃபென்ஸை, அதாவது மரத்தை ஒட்டித் தள்ளும் பக்கச் சட்டத்தை, ஒட்டிய பக்கம் கருகுகிறது. பாதியில் மரம் இறுகி மோட்டார் திணறுகிறது. கடைக்காரர் சொன்னார் என்று 80 பல் பிளேடு மாட்டினேன், இன்னும் மோசம். ஃபென்ஸை ஸ்கேல் வைத்து பிளேடுக்கு நேராக அளந்துதான் பூட்டுகிறேன். பிளேடுக்குப் பின்னால் நின்ற தகடு இடைஞ்சலாக இருந்ததால் கழற்றிவிட்டேன். மெஷினே கோணலா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்தத் தகட்டை இன்றைக்கே திரும்ப மாட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அது ரைவிங் நைஃப். அறுபட்ட மரம் பின்னால் போய்ச் சேர்ந்து பிளேடைக் கவ்வாமல் தடுப்பதற்காக நிற்கிறது. பிளேடின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே எழுபவை. மரம் அவற்றில் பட்டால் தூக்கி நம் பக்கமே எறியும். நிமிடத்துக்கு 4,500 சுற்று என்று வைத்தால்கூட 10 அங்குல பிளேடின் பல் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நானும் ஒருமுறை மரத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்க அந்தத் தகட்டைக் கழற்றினேன், மறுபடி மாட்ட மறந்தேன். ஒரு முழ நீளத் தேக்குச் சட்டம் என் இடுப்பை உரசிக்கொண்டு போய்ப் பின்சுவரின் பூச்சைப் பெயர்த்தது. அந்தக் குழியை இன்னும் அடைக்கவில்லை.

சரி, கருகலுக்கு வருவோம். ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் கண்ணுக்குத் தப்பிவிடும். ஃபென்ஸின் பின்முனை அந்த அளவு பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தாலே மரம் இரண்டுக்கும் நடுவே நெரிபடும், ஃபென்ஸ் பக்கம் கருகும். நீளவாக்கில் அறுக்க ஃபென்ஸும் பிளேடும் இணையாக இருந்தால் போதும்தானே என்று கேட்பீர்கள். போதும். ஆனால் குறுக்கே அறுக்கும்போது மரத்தைத் தாங்கித் தள்ளும் மைட்டர் கேஜ் மேசையில் வெட்டியிருக்கும் காடியில்தான் ஓடுகிறது. மெஷினில் நம்மால் மாற்ற முடியாதது அந்தக் காடி ஒன்றுதான். அதனால் பிளேடைக் காடிக்கு இணையாக்கி, பிறகு ஃபென்ஸையும் அதே காடிக்கு இணையாக்குவதுதான் முறை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடை முழுக்க உயர்த்துங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மைட்டர் கேஜில் ஒரு கட்டையை இறுக்கி, அதன் முனையில் ஒரு ஸ்குரூவைப் பாதி முடுக்கி, புள்ளி வைத்த பல் முன்னால் இருக்கும்போது அதன் தலை பல்லை லேசாக உரசும்படி வையுங்கள். கையால் பிளேடைச் சுற்றினால் மெல்லிய 'கிர்' கேட்கும். அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய், கேஜையும் தள்ளி, மறுபடி சுற்றுங்கள். அதே 'கிர்' வந்தால் சரி. சத்தமே இல்லை என்றாலோ பல் முட்டினாலோ பிளேடு கோணல். இரண்டு இடத்திலும் ஒரே பல்லை வைத்துப் பார்ப்பதால் பிளேடு லேசாக நெளிந்திருந்தாலும் அளவு பொய்யாகாது. காடியில் கேஜ் ஆடினால் அதை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இடைவெளியை அளக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும், மெல்லிய அளவுத் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் போதும். 0.1 மில்லிமீட்டருக்குள் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

திருத்துவதற்கு, பிளேடைத் தாங்கும் பாகத்தை மேசையோடு பிடிக்கும் போல்ட்டுகள் அடியில் இருக்கும். மூன்றைத் தளர்த்தி ஒன்றை லேசாக இறுக்கமாகவே விட்டு, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) மெல்லத் தட்டுங்கள். இறுக்கும்போது அது மறுபடி நகரும், பொறுமையைச் சோதிக்கும். எனக்கு முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

ஃபென்ஸைக் காடியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து பூட்டி, விரல் நுனியால் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படாத வித்தியாசம் ஸ்கேலுக்கும் தெரியாது. பின்முனை ஒரு தாளின் கனம் அளவு பிளேடை விட்டு விலகியிருக்கலாம், உள்ளே சாயவே கூடாது. ரைவிங் நைஃபும் பிளேடின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். அதன் கனம் பிளேடுத் தகட்டைவிடக் கூடுதலாக, அறுப்பின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

பிளேடு செங்குத்தா என்று பார்க்க மூலைமட்டம்கூட வேண்டாம். தடித்த கட்டை ஒன்றைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியை மட்டும் தலைகீழாகப் புரட்டி, அறுத்த முகங்களை மேசைமேல் ஒட்டி வையுங்கள். பிழை இரட்டிப்பாகி இடைவெளியாகத் தெரியும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. 80 பல் பிளேடு பிளைவுட்டையும் குறுக்கு அறுப்பையும் சிலாம்பு எழாமல் அறுக்கும். நீளவாக்கில் தேக்கை அறுக்கும்போது பற்களுக்கு இடையே தூள் போக இடமில்லாமல் சூடேறிக் கருக்கும். அதற்கு 24 பல் பிளேடு வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தபின் மரம் இறுகினால் குற்றம் மரத்தினுடையதாக இருக்கலாம். உள்ளே முறுக்கு உள்ள பலகை அறுக்க அறுக்கத் தானே மூடிக்கொள்ளும். இன்னொரு பலகையில் அறுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.