டிசைனர் ஸ்னீக்கர் ஷூக்கள் கொடுக்கிற காசுக்குத் தகுமா? வாங்கி அணியலாமா?

ஒரு ஜோடி வாங்கி, பெட்டியிலேயே வைத்துக் கெடுத்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்குப் போனது. அழுக்காகிவிடுமே என்று விசேஷ நாட்களில் மட்டும்தான் எடுப்பேன். மற்ற நாளெல்லாம் துணிப்பையில் சுற்றி, பெட்டிக்குள் பத்திரம். நான்காவது வருடம் ஒரு நாள் போட்டுக்கொண்டு பத்தடி நடந்திருப்பேன், தரையெல்லாம் மஞ்சள் துகள். காலைத் தூக்கிப் பார்த்தால், காரை பெயர்ந்த சுவர் மாதிரி குதிகால் பக்கம் உதிர்ந்துகொண்டிருந்தது. மேல்தோல் மட்டும் அன்று வாங்கிய பளபளப்பிலேயே இருந்தது. பில்லோடு கடைக்குப் போனேன். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதாம்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. அதன் நடு சோல், அதாவது பாதத்துக்கும் அடி சோலுக்கும் இடையில் மெத்தை மாதிரி இருக்கிற பகுதி, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. காற்றில் உள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். போடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். பிராண்டு பெயரைப் பார்த்து ஈரம் ஒதுங்கிப் போகாது.

சரி, அதற்காக எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். 2004-ல் தொடங்கிய காமன் புராஜெக்ட்ஸ் நிறுவனத்தின் அக்கிலீஸ் மாடலைக் கையில் எடுத்துப் பாருங்கள். குதிகால் ஓரத்தில் பொன்னிற எண்கள், அவ்வளவுதான் அலங்காரம். நல்ல தோல், ரப்பர் சோல், இரண்டும் சேரும் இடத்தில் சுற்றிலும் தையல். வெறும் பசையை நம்பி நிற்கிற ஷூவைவிட இது நாள்படும். ஆனால் இதே வேலைப்பாட்டைப் பெயர் தெரியாத சிறு நிறுவனங்களும் செய்கின்றன. அங்கே விலை சரசரவென்று இறங்கும். மிச்சம் பெயருக்குக் கொடுக்கிற காசு. அந்தப் பெயர் உங்களுக்குச் சந்தோஷம் தருமென்றால் கொடுங்கள், அதில் தப்பில்லை.

நான் தொடாதவை, ஒரு சீசனுக்காகவே பிறந்த உருவங்கள். பாலென்சியாகா என்ற ஆடம்பர ஃபேஷன் நிறுவனத்தின் டிரிபிள் எஸ் மாடல் 2017-ல் வந்தபோது எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். அடுக்கடுக்கான சோல், நல்ல கனம். நாளெல்லாம் நடந்தால் கால் கெஞ்சும். அதே நிறுவனம் 2022-ல் வேண்டுமென்றே கிழித்துக் கறையாக்கிய ஷூவை 100 ஜோடி மட்டும் விற்றது. பிய்ந்த செருப்போடு வீட்டுக்கு வந்து திட்டு வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்குவது கஷ்டம். நாள் முழுக்க நிற்கிற, நடக்கிற வேலை என்றால் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவே போதும்.

வாங்குவதானால் சோலைச் சுற்றித் தையல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். சில ஷூக்களில் தையல் மாதிரி வெறும் அச்சு இருக்கும். நடு சோல் என்ன பொருள் என்றும் கேளுங்கள். வாங்கிய பிறகு தயங்காமல் போடுங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது தையல் போட்ட ஒரு வெள்ளைத் தோல் ஷூ. மழை நாள் தவிர தினமும் அதுதான். விரல் மடியும் இடத்தில் சுருக்கம் விழுந்துவிட்டது, கயிற்றுக்கு அடியில் இருக்கிற ஷூவின் நாக்கில் ஒரு காபிக் கறை. பெட்டியை வாங்கிய அன்றே தூக்கிப் போட்டுவிட்டேன்.