கேரியரைக் கழற்றும்போது துருவேறி இறுகிய போல்டை எப்படி இளக்குவது?

வண்டிக் கூரையில் மாட்டிய கேரியரைக் கழற்றப் போனால் போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பேனரில் பைப்பைச் செருகி முழு பலத்தையும் மட்டும் போட்டுவிடாதீர்கள். கேரியர் போல்ட் பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீட்டர்தான். துரு தின்றது போக மிச்சமிருப்பது அந்த முறுக்கைத் தாங்காது.

எங்கள் வீடு குளச்சலில். அப்பா பழைய மாருதி ஆம்னி வேனின் கேரியரில் பல வருடம் வாழைக்குலை ஏற்றினார். போன வருடம் அதைக் கழற்ற உட்கார்ந்தபோது எட்டு போல்டில் ஒன்றுகூட அசையவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதோடு ஆடிக்காற்றில் கடலிலிருந்து உப்புச் சாரல் வேறு. படிந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கேரியரைக் கூரையோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பின் அடிப்பக்கத்துக்கு வெயிலும் எட்டாது, வண்டி கழுவும் தண்ணீரும் எட்டாது. இரும்பு துருவானால் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் ஊதும். போல்டும் நட்டும் கடித்துக்கொள்ளும் மரைக்குள் ஊத இடம் ஏது? ஆப்பு வைத்ததுபோல இறுகிவிடுகிறது.

பக்கத்து ஒர்க்‌ஷாப் ஆசான் வந்து பார்த்துவிட்டு, "மக்களே, இது பெலத்துல வராது. எண்ண குடிக்கட்டும், நாளைக்குப் பாப்போம்" என்றார். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையை வைர் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தோம். நட்டு வெளியேற அதுதானே வழி. அப்புறம் துருவுக்குள் இறங்கும் ஸ்ப்ரே எண்ணெயான டபிள்யூடி-40 அடித்தோம். ராத்திரி ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை. காலையில் கிளாம்ப்பின் ஓரமாகச் செந்நிறத்தில் எண்ணெய் வழிந்து நின்றது. உள்ளே இறங்கிவிட்டது என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

திருகும்போது ஆசான் முதலில் இறுக்கும் பக்கமாகத்தான் லேசாக ஒரு அழுத்து கொடுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். துருவின் பிடி விட்டதற்கு அடையாளம் அதுதான். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே கொஞ்சம், மறுபடி கால் சுற்று. 'கிரீச்' என்று கேட்டால் நிறுத்தி எண்ணெய் விட வேண்டும். ஒரே மூச்சில் சுற்றினால் துருத்தூள் மரைக்குள் சிக்கிப் பாதியில் திரும்ப இறுகிவிடும். இப்படி ஆறு போல்ட் வந்தன.

ஏழாவதில் அவசரப்பட்டது நான். பன்னிரண்டு பட்டை ரிங் ஸ்பேனர் வழுக்கி நட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன. ஆறு பட்டை சாக்கெட்டாக இருந்திருந்தால் பட்டையோடு ஒட்டிப் பிடித்திருக்கும். எட்டாவதும் வரவில்லை. இரண்டையும் ஹேக்ஸா பிளேடால் அறுத்தோம், கூரை கீறாமல் இருக்க நடுவில் ஒரு தகரத்துண்டைச் செருகி. அரை மணி நேரம் ஆனது, ஆனால் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. கிரைண்டர் வைத்தால் சீக்கிரம் முடியும்தான். பொறி பறந்து பெயின்டையும் கண்ணாடியையும் பொசுக்கும். வேறு வழியே இல்லை என்றால் ஈரச்சாக்கால் நன்றாக மூடிவிட்டு அறுங்கள். கேஸ் டார்ச்சால் சூடுகாட்டும் யோசனை மட்டும் வேண்டாம். கூரைக்கு அடியில் துணியும் ஸ்பாஞ்சும் இருக்கின்றன, போல்டைச் சுற்றி எண்ணெய் இருக்கிறது. எங்கள் வண்டி கேஸில் ஓடுவது வேறு.

உங்கள் கேரியர் கூரையோரம் மழைநீர் வடியும் விளிம்பில் கிளாம்ப்பாக மாட்டாமல் கூரைத் தகட்டிலேயே போல்ட் போட்டதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிது. போல்டோடு சேர்ந்து உள்ளே பதித்த நட்டும் சுற்றுவதுபோலத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, உள்பக்கத் துணியை இறக்கி நட்டைப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். கழற்றியதும் ஓட்டைகளை சீலன்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

அறுத்த இரும்புத்தூளைக் கூரையில் விடவே கூடாது. நாங்கள் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தும் ஒரு மூலையில் தவறிவிட்டது. மூன்றாம் நாள் அங்கே மஞ்சள் புள்ளிகள். மறுபடி தேய்த்து ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்க வேண்டியதாயிற்று.