சரிவில் புல், பள்ளத்தில் சோலை

கேள்வி: நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் பள்ளங்களில் மட்டும் மரங்கள் அடர்ந்தும், ஒட்டிய சரிவுகள் வெறும் புல்லாகவும் இருப்பது மரங்களை வெட்டியதாலா? (வாசகர், ஈரோடு)

பதில்: சில இடங்களில் வெட்டியதும் உண்டு, ஆனால், ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல் காணப்படும் இந்த அமைப்பு பல்லாயிரம் ஆண்டுகள் பழமையானது என்பதை அங்குள்ள சதுப்பு நிலங்களின் மண்ணடுக்குகள் காட்டுகின்றன. முக்கியக் காரணம் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமற்ற இரவுகளில் திறந்த புல்வெளி வெப்பத்தை விரைவாக இழப்பதால், அங்கே முளைக்கும் சோலை மரக்கன்றுகள் பெரும்பாலும் கருகிவிடுகின்றன. சோலைக்குள்ளோ மரக்கூரை வெப்பத்தைத் தக்கவைக்க, ஆழமான ஈரமண்ணும் துணைநிற்க, நாவல் இன மரங்களும் அவற்றின் மேல் பாசிகளும் ஆர்க்கிடுகளும் தழைக்கின்றன. தீயும் காற்றும் சரிவுகளில் புல்லுக்கே சாதகமானவை. பனியையும் தீயையும் தாங்கும் காட்டுப்பூவரசு மட்டும் புல்வெளியில் தனித்து நிற்கும்.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் புல்வெளிக்கு உரியதே. ஆகவே, அங்கே மரம் நடுவதைப் பசுமைப் பணி என்று பாராட்ட என்னால் இயலாது. ஆங்கிலேயர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை மரம் இன்று அப்புல்வெளிகளில் பெரும்பகுதியை விழுங்கியிருக்கிறது. மழையின் பங்கை அறிய, மழைமறைவுப் பகுதியான மசினகுடிப் பக்கம் இறங்கினால் போதும். அங்கே முட்புதர்க் காடுதான்.