சிவப்புப் பட்டியலும் வெல்லாவெளி யானைகளும்: கேள்வி பதில்

விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (IUCN) போடும் சிவப்புப் பட்டியல் ஆசிய யானையை 'அருகிய இனம்' என்கிறது. இப்படிக் காட்டு விலங்குகளின் அழிவு நிலை பற்றிக் கேளுங்கள்.

ஆரையம்பதி மாணவி: சேர், மிக அருகிய, அருகிய, அழிவாய்ப்பு. இதில் எது மோசம்?

நீங்கள் எழுதிய வரிசைதான் மகள், மோசமானது முன்னுக்கு. 'தரவு போதாது' என்றும் ஒரு வகை உண்டு, அதை ஆபத்தில்லை என்று மட்டும் சோதனையில் எழுதிப்போடாதீங்க.

வெல்லாவெளி: யானை 'அருகிய இனம்' என்கிறீங்க. என்ட வயலுக்க ராவு ஒன்பது நிண்டது. இதென்ன கணக்கு?

ஒன்பதை நான் மறுக்கவில்லை தம்பி. பட்டியல் தலையை மட்டும் எண்ணாது, குறையும் வேகத்தையும் பார்க்கும். பத்து வருடம் அல்லது மூன்று தலைமுறை, எது நீளமோ அதற்குள் 80 வீதம் குறைந்தால் மிக அருகியது, 50 என்றால் அருகியது, 30 என்றால் அழிவாய்ப்பு. யானைக்கு ஒரு தலைமுறையே 20, 25 வருடம். மூன்று என்றால் உங்கள் அப்பப்பா காலம். அதற்குள் ஆசிய யானை பாதியாவது குறைந்திருக்கும் என்று கணித்தது, பெரும்பாலும் காடு சுருங்கியதை வைத்துத்தான். காடு போனால் மிஞ்சியது எங்கே வரும்? உங்கள் வயலுக்குத்தான்.

வெல்லாவெளி: அப்ப நட்டஈட்டைப் பட்டியல் போட்டவனிட்ட கேக்கவா?

அவர்கள் சுவிஸில் இருக்கிறார்கள், சட்டம் போடுகிறவர்கள் அல்ல. சட்டம் நம்முடைய 1937ஆம் ஆண்டு விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். நட்டஈட்டுக்கு வனஜீவராசிகள் கந்தோர். பட்டியல் வேறு, சட்டம் வேறு.

அக்கரைப்பற்று: தம்பி கேட்டது நியாயம். எழுதுறவங்க ஒரு ராவு காவல் பரணில படுத்துப் பார்க்கட்டும்.

படுத்திருக்கிறேன், உன்னிச்சைப் பக்கம். யானை வெடி நனைந்துபோய், தனியன் ஒன்று வரம்பில் நிற்க, விடியும் வரை மூச்சு விடவில்லை. பயம் எனக்கும் தெரியும். அதற்காகப் பாதி குறைந்ததை இல்லை என்று எழுத முடியுமா?

பொத்துவில்: பச்சை ஆமைக்கு இனி ஆபத்தில்லையாமே?

உண்மை, 2025 ஒக்டோபரில் 'தீவாய்ப்பு குறைந்த' இனமாக மாற்றினார்கள். அழுங்காமை இன்னும் மிக அருகியதுதான். மணலில் முட்டையைக் கண்டால் எந்த ஆமை என்று பார்க்கவே வேண்டாம், தொடாதீர்கள். பட்டியல் வேறு, சட்டம் வேறு.

வாவிக்கரை: உவர்நீர் முதலையும் தீவாய்ப்பு குறைந்ததுதானே, அடிக்கலாமா?

உலகப் பட்டியலில் அப்படி. நம் நாட்டுப் பட்டியலில் அருகியது. அடிக்கலாமா என்பதற்கு மேலே இரண்டு தரம் எழுதியிருக்கிறேன்.

காத்தான்குடி: நாய்க்கு உண்ணி, என்ன மருந்து?

மிருக வைத்தியரிடம் போங்கள்.

சம்மாந்துறை: சேர், யானை இவ்வளவு நிக்குதே, பிறகு எப்படி அருகிய...

வெல்லாவெளித் தம்பியிடம் கேளுங்கள்.