மஸ்டாங் நேரா ஓட மாட்டேங்குது: பழைய அமெரிக்க கார் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய அமெரிக்க வண்டி வச்சிருக்கறவங்க கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம், நிறைய வந்திருக்கு. பெரும்பாலும் அமெரிக்காவுல செட்டில் ஆகி, வீட்டு கராஜ்ல ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங்கோ செவியோ (செவர்லே) வச்சு சனி ஞாயிறுல தானே வேலை பாக்கற நம்ம வாசகர்கள் அனுப்பினது. நாலஞ்ச எடுத்து கொஞ்சம் விரிவாவே பதில் சொல்றேன்.

கேள்வி: சார், என்கிட்ட 1965 மஸ்டாங் ஹார்ட்டாப், 289 வி8 (289 கியூபிக் இன்ச், எட்டு சிலிண்டர் எஞ்சின்) இருக்கு, பவர் ஸ்டியரிங் கிடையாது. அம்பது மைல் வேகத்த தாண்டினா வண்டி ரோட்ல அலையுது, ஸ்டியரிங்க ரெண்டு இன்ச் திருப்பினாலும் வீல் அசையறதில்ல. பிரேக் போட்டா முன்பக்கம் டக்குன்னு ஒரு சத்தம், மேடு பள்ளத்துல கீச் கீச்சுன்னு வேற. கடையில காட்டினா ஸ்டியரிங் பாக்ஸ்லேர்ந்து முன்பக்கம் மொத்தமும் மாத்தணும்னு பெரிய பில்லா சொல்றாங்க. மாத்திடலாமா? (மிச்சிகன் வாசகர்)

பதில்: இப்பவே பணத்த குடுத்துடாதீங்க. நீங்க சொன்னதுல மூணு தனித்தனி கம்ப்ளெயிண்ட் இருக்கு, மூணுக்கும் தேய்ஞ்ச பார்ட் வேற வேறயா தான் இருக்கும். எது தேய்ஞ்சிருக்குன்னு பாத்துட்டு அத மட்டும் மாத்தினா செலவும் கம்மி, வண்டியும் சரியாகும். எல்லாத்தயும் ஒரே நேரத்துல மாத்திட்டா எது கெட்டிருந்ததுன்னே தெரியாம போயிடும், புதுசா போட்டதுல ஒண்ணு மட்டமா இருந்தா அதையும் கண்டுபிடிக்க முடியாது.

முதல்ல ஸ்டியரிங் ஆட்டம். வண்டி நாலு வீல்லயும் தரைல நிக்கட்டும், ஜாக்கி போடாதீங்க. வீட்ல யாரையாவது உக்கார வச்சு ஸ்டியரிங்க இடது வலதா கொஞ்சமா, அந்த ரெண்டு இன்ச் அளவுக்கு மட்டும், ஆட்டிக்கிட்டே இருக்க சொல்லுங்க. நீங்க கீழ படுத்து டார்ச் அடிச்சு ஸ்டியரிங் பாக்ஸ்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு ஜாயிண்ட்டா பாத்துக்கிட்டே வாங்க. பாக்ஸ்லேர்ந்து வர்ற பிட்மன் ஆர்ம் அசையுது ஆனா அதுக்கு அடுத்த பார்ட் அசையலைன்னா அந்த ஜாயிண்ட் போச்சு. பாக்ஸுக்குள்ள ஷாஃப்ட் திரும்புது, பிட்மன் ஆர்ம் சும்மா இருக்குன்னா தான் பாக்ஸ் மேல சந்தேகம். இந்த மாடல்ல அடிக்கடி மாட்டறது ஐட்லர் ஆர்ம், ஸ்டியரிங் ராடோட மறுமுனைய தாங்கற கை. பாசஞ்சர் பக்கம் ஃப்ரேம்ல போல்ட் ஆகியிருக்கும், அத கையால புடிச்சு மேலயும் கீழயும் தள்ளி பாருங்க, நல்லா ஆடினா அது தான் ஆளு. மாத்தும்போது ஒரு விஷயம் மறக்காதீங்க: உள்ள ரப்பர் புஷ் இருக்கற ஐட்லர் ஆர்ம்னா வீல் நேரா இருக்கும்போது தான் நட்ட முழுசா டைட் பண்ணணும். வீல் திரும்பியிருக்கறப்போ டைட் பண்ணிட்டா ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், அப்பறம் வண்டி எப்பவும் ஒரு பக்கமே இழுக்கும், அலைன்மென்ட் எத்தன தடவ பாத்தாலும் போகாது.

ஸ்டியரிங் பாக்ஸ் மேல இருக்கற ஸ்க்ரூவ டைட் பண்ணா ஆட்டம் போயிடும்னு யாராவது சொல்வாங்க. போகும் தான், ஆனா லிங்கேஜ்ல (பாக்ஸ்லேர்ந்து வீல் வரைக்கும் போற ராடுங்க) இருக்கற ஆட்டத்த அந்த ஸ்க்ரூல மறைக்க பாத்தா பாக்ஸுக்குள்ள பல்லு தின்னுடும், திருப்பத்துக்கு அப்பறம் ஸ்டியரிங் தானா நேருக்கு வராது, ஹைவேல அது ரொம்ப ஆபத்து. மத்த ஜாயிண்ட் எல்லாம் சரின்னு உறுதியான பிறகு, லிங்கேஜ கழட்டி விட்டுட்டு, முதல்ல வார்ம் (ஸ்டியரிங் தண்டோட திருகு) பேரிங், அடுத்து செக்டர் (பிட்மன் ஆர்ம திருப்பற பல்லு), அதுவும் ஸ்டியரிங் நடு நிலைல வச்சு தான் அட்ஜஸ்ட் பண்ணணும்.

அடுத்தது பிரேக் போடும்போது வர்ற டக். கீழ் ஆர்ம்லேர்ந்து (வீல ஃப்ரேமோட சேக்கற மேல், கீழ் ரெண்டு கைல கீழ இருக்கறது) முன்னாடி நோக்கி ஒரு நீளமான ராடு போகும், ஸ்ட்ரட் ராடு, அது ஃப்ரேம்ல மாட்டற இடத்துல ரெண்டு ரப்பர் புஷ் இருக்கும். அது நசுங்கி வெடிச்சு போயிருந்தா பிரேக் போடறப்போ வீல் முழுசா பின்னாடி நகர்ந்து வந்து இடிக்கும். ஒருத்தர் வண்டிய மெதுவா உருட்டி பிரேக் அடிக்கட்டும், நீங்க பக்கத்துல தள்ளி நின்னு வீல பாருங்க, ஃபெண்டருக்குள்ள பின்னாடி நகர்றது கண்ணுக்கே தெரியும். விலை குறைஞ்ச ரப்பர் தான், ஆனா வண்டி அலையறதுக்கும் இது ஒரு முக்கிய காரணம்.

பால் ஜாயிண்ட் (ஆர்ம் முனைல வீல் திரும்ப விடற உருண்டை மூட்டு) செக் பண்றதுல நிறைய பேர் ஏமாறது இங்க தான். மஸ்டாங் ஃபோர்டு ஃபால்கன் காரோட அடிப்படைல செஞ்ச வண்டி, காயில் ஸ்பிரிங் மேல் ஆர்ம் மேல உக்காந்திருக்கும். கீழ் ஆர்ம்ல ஸ்பிரிங் இருக்கற வண்டிக்கு கீழ் ஆர்ம் அடியில ஜாக்கி போடுவாங்க, அதே மாதிரி இதுக்கும் போட்டா ஸ்பிரிங் ஜாயிண்ட்ட இறுக்கி வச்சிருக்கும், தேய்ஞ்ச ஜாயிண்ட் கூட நல்லதா தெரியும். இதுக்கு மேல் ஆர்முக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல ஒரு கட்டைய சொருகிட்டு, ஃப்ரேம்ல ஜாக்கி போட்டு தூக்கி ஸ்டாண்ட் வச்சு, டயருக்கு அடியில கடப்பாரை குடுத்து நெம்பி பாருங்க. ஆட்டம் இருந்தா அப்ப தெரியும்.

கீச் சத்தத்துக்கு மேல் ஆர்ம் ஷாஃப்ட் புஷ் கிரீஸ் இல்லாம காய்ஞ்சிருக்கும், இல்லைன்னா ஸ்பிரிங் உக்கார்ற பெர்ச்ல இருக்கற ரப்பர் பிஞ்சிருக்கும். கிரீஸ் அடிச்சு பாத்து, ரெண்டு நாள்ல சத்தம் திரும்பி வந்தா பெர்ச் தான். ஆனா அத மாத்த ஸ்பிரிங்க எடுக்கணும், இதுல மட்டும் அலட்சியம் வேணவே வேணாம், சரியான ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாம கை வைக்காதீங்க. அழுத்தி வச்ச ஸ்பிரிங் நழுவினா உயிரே போகும்.

இன்னொண்ணு, நீங்க இருக்கறது மிச்சிகன். அங்க குளிர்காலத்துல ரோட்ல உப்பு போடுவாங்க, அதனால புது பார்ட் எதுவும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஷாக் டவரயும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் உக்கார்ற இடம்) ஃப்ரேம் ரெயிலயும் ஒரு திருப்புளியால குத்தி பாருங்க. உள்ள போச்சுன்னா முதல் வேலை வெல்டிங், சஸ்பென்ஷன் அப்பறம். எல்லாம் முடிஞ்சு அலைன்மென்ட்டுக்கு போறப்போ, ஃபேக்டரி அளவு அந்தக் கால பயாஸ் டயருக்காக (உள் நூல் குறுக்கா ஓடற பழைய வகை) குடுத்ததுன்னு சொல்லி, உங்க ரேடியல் டயருக்கு பாசிட்டிவ் கேஸ்டர் (வீல் திரும்பற அச்சோட மேல் முனை பின்னாடி சாயற அளவு) கொஞ்சம் கூட்டி வைக்க சொல்லுங்க. திருப்பறதுக்கு கொஞ்சம் கனமா இருக்கும், ஹைவேல நேரா போகும்.

கேள்வி: மாமனாரோட 1966 மஸ்டாங் இப்ப எங்ககிட்ட இருக்கு, அதுவும் 289. டைமிங் லைட் (பிளக்ல தீப்பொறி வர்ற நேரத்த பாக்கற லைட்) போட்டு புக்ல இருக்கற மாதிரி சரியா வச்சா வண்டி இழுக்கவே மாட்டேங்குது. காதால கேட்டு டிஸ்ட்ரிபியூட்டர திருப்பி வச்சா நல்லா ஓடுது, ஆனா மார்க் எங்கயோ நிக்குது. புக் தப்பா? (டெக்சாஸ் வாசகி)

பதில்: புக் சரியா தான் இருக்கும் மேடம், மார்க் தான் இடம் மாறியிருக்கு. கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கற தண்டு) முன்னாடி இருக்கற பேலன்சர் ஒரே இரும்பு கிடையாது. உள்ள ஒரு ஹப், வெளிய ஒரு வளையம், நடுவுல ரப்பர். அம்பது அறுபது வருஷத்துல அந்த ரப்பர் காய்ஞ்சு விட்டுட்டா வெளி வளையம் மெல்ல நழுவும், டைமிங் மார்க் இருக்கறது அந்த வளையத்துல தானே, அதனால லைட் காட்டறது பொய்.

இத உறுதி பண்ண பேட்டரி ஒயர கழட்டிட்டு ஒண்ணாம் நம்பர் ஸ்பார்க் பிளக்க எடுத்து அந்த ஓட்டைல பிஸ்டன் ஸ்டாப் ஒண்ண மாட்டுங்க. கிராங்க கையால ஸ்பேனர் போட்டு மெதுவா திருப்புங்க, பிஸ்டன் வந்து முட்டின இடத்துல பேலன்சர்ல சாக்பீஸால ஒரு கோடு. அப்பறம் எதிர்ப்பக்கம் திருப்பி முட்ட விட்டு இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் சரியா நடுவுல இருக்கறது தான் உண்மையான டாப் டெட் சென்டர், பிஸ்டன் உச்சில நிக்கற இடம். பேலன்சர்ல இருக்கற ஜீரோ மார்க் அதோட சேரலைன்னா பேலன்சர் போச்சு. புது பெயிண்ட்ல மார்க் போட்டு ஓட்டலாம்னு நினைக்காதீங்க, நழுவ ஆரம்பிச்ச வளையம் மறுபடி நழுவும், ஒரு நாள் கழண்டு வந்து ரேடியேட்டர கிழிக்கும்.

மார்க் சரியா இருந்துச்சுன்னா அடுத்த சந்தேகம் டைமிங் செயின். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய கழட்டி ரோட்டார பாத்துக்கிட்டே கிராங்க ஒரு பக்கமா திருப்பி நிறுத்துங்க, அப்பறம் எதிர்ப்பக்கம் மெதுவா திருப்புங்க, ரோட்டார் அசைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கிராங்க் எவ்வளவு டிகிரி சும்மா போகுதுன்னு பாருங்க. பத்துக்கு மேல போனா செயின் தொளதொளன்னு ஆயிடுச்சுன்னு அர்த்தம். அறுபதுகள்ல பல அமெரிக்க வி8ல சத்தம் கம்மியாகட்டும்னு கேம் கியர்ல நைலான் பல்லு வச்சாங்க. அது வயசாகி உடைஞ்சா துண்டு துண்டா ஆயில் பேன்ல விழுந்து பம்ப்போட வலைய அடைக்கும். அப்படி உடைஞ்சது தெரிஞ்சா செயினோட நிறுத்தாம ஆயில் பேனயும் கழட்டி சுத்தம் பண்ணணும், மேல இரும்பு கியர் செட்டே போட்டுடுங்க.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கற பாயிண்ட் (கரண்ட்ட தொட்டு விடற முனைங்க) இடைவெளி 0.017 இன்ச் இருக்கான்னு டைமிங் வைக்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, இடைவெளி மாறினா டைமிங்கும் மாறும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர் எரியற வரிசை) 1-5-4-2-6-3-7-8.

கேள்வி: அண்ணே, நாலு வீல்லயும் டிரம் பிரேக் உள்ள பழைய வண்டி. கொஞ்ச தூரம் ஓட்டினா முன்பக்கம் ஒரு வீல் மட்டும் சூடாகி புடிச்சுக்குது, கொஞ்ச நேரம் நிறுத்தினா தானா விடுது. ஷூ, வீல் சிலிண்டர் ரெண்டும் புதுசு. (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: ரப்பர் ஹோஸ் தம்பி, பெரும்பாலும் அது தான். வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும், உள்ள ரப்பர் வீங்கி ஓட்டை ஊசி அளவுக்கு சுருங்கியிருக்கும். நீங்க மிதிக்கற அழுத்தத்துல ஆயில் உள்ள போயிடும், ஷூவோட ஸ்பிரிங்குக்கு அத திரும்ப தள்ளற பலம் இல்ல, அதனால புடிச்சபடியே நிக்கும்.

சந்தேகம் தீர, வீல் புடிச்சிருக்கும்போதே ஜாக்கில தூக்கி ஸ்டாண்ட் வச்சு, ஹோஸுக்கு முன்னாடி இருக்கற இரும்பு பைப் நட்ட லேசா லூஸ் பண்ணுங்க. வீல் விட்டுதுன்னா பிரச்சன மேல மாஸ்டர் சிலிண்டர்ல. விடலைன்னா வீல் பக்கம் ப்ளீடர (ஆயிலயும் காத்தயும் வெளிய விடற திருகு) திறங்க, அப்ப சர்ருன்னு ஆயில் வந்து வீல் விட்டுதுன்னா ஹோஸ் தான். ஒண்ணு போயிருந்தா மத்ததும் அதே வயசு, எல்லா ஹோஸயும் சேத்து மாத்திடுங்க. இது ஒண்ணுல மட்டும் தான் மொத்தமா மாத்துங்கன்னு நானே சொல்வேன்.

ப்ளீடரயும் திறந்து அப்பவும் விடலைன்னா ஆயில்ல கோளாறு இல்ல, உள்ள ஷூவோ ஹேண்ட்பிரேக் கேபிளோ அட்ஜஸ்டரோ சிக்கியிருக்கும். முன் வீல்னு சொன்னதால அட்ஜஸ்டர பாருங்க.

டிரம்ம கழட்டறப்போ உள்ள இருக்கற தூசிய ஏர் போட்டு ஊதவே ஊதாதீங்க. அந்தக் கால ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்கு எமன். பிரேக் கிளீனர் அடிச்சு நனைச்சு துடைச்சு, துணிய கவர்ல கட்டி போடுங்க. உங்க மாஸ்டர் சிலிண்டர்ல ஒரே ஒரு ஆயில் அறை இருந்துச்சுன்னா, ஒரு ஹோஸ் வெடிச்சாலும் நாலு வீல் பிரேக்கும் போயிடும். மஸ்டாங்ல 1967லேர்ந்து தான் ரெண்டு அறை வந்துச்சு. குழந்தைங்கள ஏத்திட்டு ஓட்டற வண்டின்னா ரெட்டை அறைக்கு மாத்திடுங்கன்னு கையெடுத்து கேட்டுக்கறேன், ஒரிஜினல் போயிடுமேன்னு யோசிக்காதீங்க.

கேள்வி: 1957 செவி, 283 வி8. காலைல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும், ஓட்டிட்டு பெட்ரோல் பங்க்ல நிறுத்தினா செல்ஃப் மொனகுது. பேட்டரி மாத்தியாச்சு, ஸ்டார்ட்டரும் மாத்தியாச்சு. (கலிஃபோர்னியா வாசகர்)

பதில்: ரெண்டு பார்ட் வாங்கறதுக்கு முன்னாடி மீட்டர எடுத்திருக்கலாம். இக்னிஷன் காயில் ஒயர கழட்டிட்டு, மீட்டரோட ஒரு முனைய பேட்டரி பாசிட்டிவ் தண்டுல (கிளாம்ப்ல இல்ல, தண்டுல) வச்சு இன்னொரு முனைய ஸ்டார்ட்டர்ல கேபிள் வந்து சேர்ற போல்ட்டுல வச்சு, வண்டி சூடா இருக்கறப்போ செல்ஃப் அடிக்க சொல்லுங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா கேபிளோ ஜாயிண்ட்டோ கரண்ட்ட தின்னுது. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவ் தண்டுலேர்ந்து எஞ்சின் பிளாக்குக்கு வச்சு பாருங்க. எர்த் கேபிள் மாட்டின இடத்துல பெயிண்ட்டும் துருவும் இருக்கறது ரொம்ப சகஜம், பளிச்சுன்னு இரும்பு தெரியற வரைக்கும் தேச்சு மாட்டுங்க. ரெண்டும் சரின்னா சைலன்சர் பைப் சூடு ஸ்டார்ட்டர் சோலனாய்டுல (ஸ்டார்ட்டருக்கு கரண்ட் விடற சுவிட்ச்) ஏறுது, நடுவுல ஒரு தகடு ஷீல்டு வச்சா போதும்.

கேள்வி: ஃபேக்டரி பேக்கிங் பிரிக்காத அந்தக் கால ஒரிஜினல் பார்ட் கிடைக்குது, விலை ஜாஸ்தி. வாங்கலாமா, இல்ல இப்ப புதுசா செய்யறத வாங்கலாமா? (இலினாய் வாசகர்)

பதில்: இரும்புன்னா ஒரிஜினல், ரப்பர்னா புதுசு. அறுபது வருஷம் டப்பாக்குள்ள இருந்த ஹோஸ், சீல், டயஃப்ரம் எதுவும் வேணாம், வண்டில மாட்டாமலேயே கெட்டிருக்கும். அதுவும் இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல பத்து சதவீதம் எத்தனால், பழைய ரப்பர கரைச்சு கார்புரேட்டர்ல கொண்டு போய் அடைக்கும். பெட்ரோல் ஹோஸ் வாங்கறப்போ மேல 30ஆர்9னு அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க. கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் இதெல்லாம் உங்க வண்டிலயே வந்தத தூக்கி போடாம கிட் வாங்கி ரீபில்ட் பண்ணுங்க, இப்ப வர்ற காப்பி பல சமயம் அந்த தரத்துல இருக்கறதில்ல. புது பார்ட் மாட்டி ஓட்டி பாத்து திருப்தி ஆகற வரைக்கும் கழட்டின பழைய பார்ட்ட யாருக்கும் குடுத்துடாதீங்க, சில கடைங்க பழசுக்கு டெபாசிட் புடிச்சு வைப்பாங்க, அத திருப்பி குடுக்க எத்தன நாள் டைம்னு வாங்கறப்பவே கேட்டுக்கங்க.